ஊர் மாறும் முன் கணக்குப் போடுவோம்
வெளிமாநிலம் போகும் குடும்பங்களுக்கான பாடம்



தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் இருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போவது புதுச் செய்தி இல்லை. கட்டட வேலை, கார்மெண்ட்ஸ் தையல், வீட்டு வேலை, செக்யூரிட்டி வேலை என்று ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் குடும்பங்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. முன்பு ஆண்கள் மட்டும் போனார்கள். இப்போது கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

போவது தப்பு என்று நாம் சொல்லவில்லை. மழை பொய்த்து, கிணறு வற்றி, ஊரில் வேலை இல்லாதபோது போய்த்தான் ஆகணும். ஆனால் "அங்க போயிட்டா எல்லாம் சரியாயிடும், போய்ப் பார்த்துக்கலாம்" என்று கிளம்புவதுதான் ஆபத்து. அப்படிப் போய், ஆறு மாதத்தில் புதுக்கடனோடு திரும்பி வரும் குடும்பங்களை நம் குழுக்களில் பார்க்கிறோம்.

நம் மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியதே தருமபுரி மாவட்டத்தில்தான். பத்து ரூபாய் சேமிப்பைக்கூட நோட்டில் எழுதிப் பழகியவர்கள் நாம். குடும்பத்தையே வேறு மாநிலத்துக்கு மாற்றும்போது ஒரு பக்கம் கணக்கு எழுதாமல் போகலாமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

1. வேலையைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவை

"தினக்கூலி எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி, "மாதம் எத்தனை நாள் வேலை?" என்பது. 800 ரூபாய் கூலி என்றால் மனசு உடனே 30 நாளால் பெருக்கி 24,000 என்று கணக்குப் போடும். ஞாயிறு லீவு, மழை நாள், சாமான் வராத நாள், உடம்பு முடியாத நாள் எல்லாம் போனால் 20 நாள் நிற்பதே கஷ்டம். ஆக வருமானம் 16,000 என்றுதான் எழுதணும்.

மேஸ்திரியிடமோ கம்பெனி ஆளிடமோ இவற்றைக் கேளுங்க:

- மாதம் எத்தனை நாள் வேலை உறுதி? 
- கூலி வாரம் ஒருமுறையா, மாதம் ஒருமுறையா? முதல் கூலி எந்தத் தேதியில் கைக்கு வரும்?
- பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போக கைக்கு வருவது எவ்வளவு?
- தங்க இடம் தருவார்களா? தண்ணீர், கழிவறை, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா?
- வேலையில் அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது?
- பெண்களுக்குத் தனிக் கூலியா, அல்லது "ஜோடிக் கூலி" என்று கணவன் கையில் கொடுப்பார்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீங்க. நம் உழைப்புக்கு உண்டான கூலி நம் பெயரில், நம் கணக்கில் வரணும்.

இன்னொன்று முன்பணம். "இருபதாயிரம் வாங்கிக்கோ, வேலை செய்து கழிச்சிடலாம்" என்று தூக்கிக் கொடுப்பார்கள். கழிந்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்ற கணக்கு அவர் நோட்டில் மட்டும் இருக்கும். முன்பணத்தைக் காட்டி ஊருக்கு விடமாட்டேன், வேறு வேலைக்குப் போகக்கூடாது என்று தடுத்தால் அது கொத்தடிமைத்தனம். 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கட்டவும் தேவையில்லை. முன்பணம் வாங்காமல் போவதே நல்லது. வெற்றுப் பேப்பரில் கையெழுத்தோ கைரேகையோ வைக்கவே கூடாது.

2. ஒருமுறைச் செலவு

ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன் கட்டட வேலை, மனைவி கார்மெண்ட்ஸ் வேலை, மூன்றாவதும் ஏழாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். மாமியார் ஊரிலேயே இருக்கிறார். கீழே உள்ள தொகை எல்லாம் பாடத்துக்காகப் போட்ட மாதிரித் தொகைதான். நீங்கள் விசாரித்த தொகையைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

- வீடு பார்க்க முன்கூட்டியே போய்வர: 1,200
- வீட்டு முன்பணம், 5 மாத வாடகை: 25,000
- முதல் மாத வாடகை: 5,000
- சாமான் ஏற்றிப்போகும் சின்ன வண்டி: 7,000
- ஏற்று இறக்குக் கூலி: 1,000
- குடும்பம் போக பஸ் அல்லது ரயில்: 800
- கேஸ், பக்கெட், பாய், சில்லறைச் சாமான்: 3,000
- பிள்ளைகளுக்குச் சீருடை, நோட்டு, பை: 3,000
- முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுச் செலவு: 8,000
கூட்டினால்: 54,000
- எதிர்பாராத செலவு, பத்தில் ஒரு பங்கு: 5,400
மொத்தம்: 59,400 ரூபாய்

பார்த்தீங்களா? "வண்டி வாடகைதானே" என்று நினைக்கிறோம். ஆனால் வண்டிக்குப் போவது 7,000 மட்டும்தான். வீட்டு முன்பணம் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பத்து மாத வாடகை வரை முன்பணம் கேட்கும் வழக்கம் பெங்களூரில் நெடுநாளாக உண்டு. பேசிக் குறைக்கலாம், கேட்க வெட்கப்பட வேண்டாம்.

வாடகைக்கு வீடு பார்க்கும்போது:

- காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே பல இடங்களில் இருக்கிறது. பிடித்தம் எவ்வளவு என்று முதலிலேயே பேசி எழுதி வாங்குங்க.
- முன்பணத்துக்கு ரசீதும், வாடகை ஒப்பந்தமும் கட்டாயம். கன்னடத்தில் எழுதியிருந்தால் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே கையெழுத்து.
- பணத்தை வீட்டு உரிமையாளரிடம்தான் கொடுக்கணும். "லீஸுக்கு விடுகிறேன்" என்று உரிமையாளர் இல்லாத ஆள் மொத்தப் பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் மோசடியும் நடக்கிறது. வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லிப் பெயரைச் சரிபாருங்க.
- தண்ணீர் எப்படி வருகிறது? காவிரித் தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா? 2024 மார்ச்சில் பெங்களூரில் போர்கள் வற்றி மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். வாடகை 500 குறைவு என்று போய், தண்ணீருக்கு 1,000 கொடுப்பதில் லாபம் இல்லை.

சாமான் விஷயத்திலும் யோசனை வேணும். மரக்கட்டில், கிரைண்டர், பெரிய அண்டா எல்லாவற்றையும் ஏற்ற வேண்டாம். ஒற்றை அறை வீட்டில் அவை இடத்தைத்தான் அடைக்கும். தேவையானதை மட்டும் எடுத்தால் சின்ன வண்டியே போதும்.

ஆடு, மாட்டை "நாளைக்குக் கிளம்பணும்" என்று விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. ஒரு மாதம் முன்பே முடிவெடுத்து சந்தையில் நாலு பேரிடம் விலை கேட்டு விற்கணும். கறவை மாட்டைக் குழுச் சகோதரி ஒருவரிடம் வாரத்துக்கு விட முடியுமா என்றும் பாருங்க.

3. மாத வரவு செலவு

மாத வரவு:
- கணவன், 800 × 20 நாள்: 16,000
- மனைவி, பிடித்தம் போக: 11,000
மொத்தம்: 27,000

மாதச் செலவு:
- வாடகை: 5,000
- தண்ணீர், கரண்ட்: 700
- அரிசி, மளிகை, காய், பால்: 8,500
- கேஸ்: 900
- பஸ்: 1,800
- போன்: 600
- பிள்ளைகள் படிப்பு: 1,000
- மருத்துவம்: 800
- ஊரில் மாமியாருக்கு: 2,500
- குழுச் சேமிப்பு, பழைய கடன் தவணை: 2,200
- ஊருக்குப் போய்வர, மாதப் பங்கு: 800
மொத்தம்: 24,800

மீதி: 2,200 ரூபாய்.

இதே குடும்பம் ஊரில் இருந்தபோது மாதம் 15,000 வரவு, 13,500 செலவு, மீதி 1,500 என்று வைப்போம். வரவு 12,000 கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் கையில் கூடுதலாக நிற்பது வெறும் 700 ரூபாய்!

இப்போது ஒருமுறைச் செலவைப் பாருங்க. 59,400-ல் வீட்டு முன்பணம் 25,000 என்றாவது திரும்பி வரும். மீதி 34,400 போனது போனதுதான். மாதம் 700 வீதம் அதை எடுக்க 49 மாதம், அதாவது நான்கு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அப்படியானால் போகவே கூடாதா? அவசரப்பட வேண்டாம். கணவனுக்கு 20 நாளுக்குப் பதில் 24 நாள் வேலை கிடைத்தால் மாதம் 3,200 கூடும். கூடுதல் மிச்சம் 3,900 ஆகிவிடும். போட்ட பணம் ஒன்பதே மாதத்தில் திரும்பிவிடும். நாலு நாள் வேலையில் நான்கு வருஷம் ஒன்பது மாதமாகக் குறைகிறது. எத்தனை நாள் வேலை என்பதை முதலில் கேளுங்கள் என்று சொன்னது இதனால்தான்.

இன்னொரு வழி, இரண்டு கட்டமாகப் போவது. முதலில் ஒருவர் மட்டும் போய், தெரிந்தவர்களோடு அறையைப் பகிர்ந்துகொண்டு மூன்று மாதம் வேலை பார்க்கட்டும். மாதம் நிஜமாக எத்தனை நாள் வேலை, கூலி ஒழுங்காக வருகிறதா, எந்த ஏரியாவில் வாடகை குறைவு என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு குடும்பம் போகலாம். சரிப்படவில்லை என்றால் நஷ்டம் ஒருவரின் பஸ் செலவோடு முடியும்.

4. பணம் எங்கிருந்து வரும்?

அறுபதாயிரம் ரூபாயை நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாத வட்டி மட்டும் 3,000. நம் மாதிரிக் குடும்பத்துக்கு மீதி நிற்பதே 2,200 தான். முதல் மாதத்திலிருந்தே 800 ரூபாய் துண்டு விழும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அதே தொகை குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்குக் கிடைத்தால் மாத வட்டி 600.

ஆகவே கந்துவட்டிக்கு வாங்கி ஊர் மாறக் கூடாது. ஆறு மாதம் முன்பே முடிவெடுத்துச் சேர்த்து வையுங்க. குறைவதற்கு மட்டும் குழுக் கடன் கேளுங்க.

கணக்கில் வராத ஒரு தொகையும் வேணும். முழுக் குடும்பமும் ஊர் திரும்புவதற்கான பஸ் காசு. அதைத் தனியாக மனைவி பெயரில் உள்ள கணக்கில் போட்டு வையுங்க. அதை எதற்கும் தொடக் கூடாது. திரும்பி வரக் காசில்லாமல்தான் பல பேர் மோசமான இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

5. குழுவுக்குச் செய்ய வேண்டியது

சொல்லாமல் போவது கூடாது. வங்கிக் கடன் குழுவின் பெயரில் இருக்கிறது. ஒருவர் தவணை நின்றால் மற்றவர்கள் தலையில்தான் விழும், அடுத்த கடனும் கிடைக்காது.

- கிளம்பும் முன் குழுக் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லுங்க. சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்க.
- தொடர்வதா, கணக்கு முடிப்பதா என்று குழு விதிப்படி தீர்மானம் போட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும்.
- தொடர்ந்தால் தவணையைத் தனி ஆளிடம் கொடுத்தனுப்ப வேண்டாம். குழுவின் வங்கிக் கணக்குக்கே அனுப்பி, அனுப்பிய தேதியைக் கணக்காளரிடம் சொல்லணும்.
- போகிறவர் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்தால், தீர்மானம் போட்டு வங்கியில் கையெழுத்துப் போடுபவரை மாற்றிவிட்டுத்தான் கிளம்பணும். முன்கூட்டிக் கையெழுத்துப் போட்ட காசோலையை விட்டுவிட்டுப் போவது கூடவே கூடாது.

6. ரேஷன், கேஸ், காகிதங்கள்

ரேஷன்: ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. ஆனால் எல்லா அட்டைக்கும் இது வெளிமாநிலத்தில் செல்லாது. உங்கள் ஸ்மார்ட் கார்டில் பி.எச்.எச். அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று இருந்தால்தான் அங்கே தானியம் வாங்க முடியும். என்.பி.எச்.எச். என்றால் வாங்க முடியாது, அரிசிச் செலவை முழுசாகக் கணக்கில் எழுதுங்க. பி.எச்.எச். அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடைக்கும். நம் ஊரில் தரும் சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் அங்கே கிடைக்காது. ஒரு பகுதிப் பேர் பங்கை அங்கேயும், மாமியார் பங்கை இங்கேயும் வாங்கிக்கொள்ளலாம். கைரேகை வைத்துத்தான் தருவார்கள். ஆகவே எல்லோர் ஆதாரும் அட்டையில் சேர்ந்திருக்கிறதா, ரேகை விழுகிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்க. சந்தேகம் கேட்க 14445.

கேஸ்: சிலிண்டரை பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோகக் கூடாது. சிலிண்டர், ரெகுலேட்டரை ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கிக்கொண்டால் புது ஊரில் இணைப்புப் பெறலாம். மாமியார் ஊரில் இருப்பதால் இணைப்பு அங்கேயே இருக்கட்டும் என்றால், நகரத்தில் 5 கிலோ சின்ன சிலிண்டரை அடையாள அட்டை காட்டி வாங்கலாம். அதற்கு மானியம் கிடையாது.

பஸ்: நம் ஊர் டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் போய்ப் பழகியிருப்போம். கர்நாடகத்திலும் 2023 ஜூன் 11 முதல் பெண்களுக்கு இலவசப் பயணத் திட்டம் வந்தது. ஆனால் அது கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்குத்தான். நம் ஆதார் காட்டினால் டிக்கெட் எடுக்கணும். பஸ் செலவைக் கணக்கில் எழுத மறக்காதீங்க.

வங்கி: பழைய கணக்கை மூட வேண்டாம். விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய் என்று வருஷா வருஷம் ஜூன் 1-க்குள் கணக்கிலிருந்து எடுப்பார்கள். மே மாதம் 456 ரூபாய் இருப்பு இருக்கணும். நகைக் கடன் இருந்தால் கெடு தேதியைச் சுவரில் எழுதி வையுங்க. கெடு தாண்டினால் ஏலம்.

பதிவு: 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள் இ-ஷ்ரம் பதிவு செய்து அட்டை வாங்கிக்கொள்ளலாம். கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பார்த்து வையுங்க.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வங்கிப் புத்தகம், சாதிச் சான்று, பிறப்புச் சான்று, தடுப்பூசி அட்டை, கர்ப்பிணி என்றால் தாய் சேய் அட்டையும் பிக்மி எண்ணும். ஒரு செட் ஜெராக்ஸ் ஊரில் நம்பிக்கையானவரிடம் இருக்கட்டும். பட்டா, வீட்டுப் பத்திரம் போன்ற மூலங்களை வாடகை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

7. பிள்ளைகள் படிப்பு

பணக் கணக்கைவிடப் பெரிய கணக்கு இது. கோடை விடுமுறையில் மாறுவதுதான் நல்லது. நடு வருஷத்தில் மாற்றினால் பிள்ளை புது மொழிக்கும் புதுப் பாடத்துக்கும் நடுவில் தவிக்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் எப்போதும் சேர்க்கணும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. இருந்தாலும் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்க.

கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் படிக்கணும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விளையாட்டிலேயே பிடித்துக்கொள்ளும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மலைப்பாக இருக்கும். பெங்களூரில் தமிழ்வழிப் பள்ளிகள் சில உண்டு. நீங்கள் போகும் பகுதியில் இருக்கிறதா, மேல் வகுப்பு வரை உண்டா என்று நேரில் விசாரிக்கணும்.

பலருக்கும் தெரியாத ஒன்று. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் தமிழ்நாட்டில் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் அது. ஏழாவது படிக்கும் பிள்ளையை வெளிமாநிலத்துக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு இங்கே உள்ள இட ஒதுக்கீட்டுச் சலுகையும் வேறு மாநிலத்தில் அப்படியே கிடைக்காது.

அதற்காகப் பிள்ளையைப் பிரிந்துதான் இருக்கணும் என்பதில்லை. பாட்டியிடம் விடுவதா, அரசு விடுதியில் சேர்ப்பதா, கூட்டிக்கொண்டு போவதா என்று தெரிந்து முடிவெடுக்கணும். பெண் பிள்ளையை "தம்பியைப் பார்த்துக்கோ" என்று படிப்பை நிறுத்தி அறையில் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் நிலை மட்டும் எந்தக் கணக்கிலும் வரக்கூடாது.

8. போன பிறகு

முதல் மூன்று மாதம் தினமும் நோட்டில் எழுதுங்க. வேலை நாள், வாங்கிய கூலி, பாக்கிக் கூலி மூன்றும் தனித்தனிப் பத்தியாக இருக்கட்டும். கூலி தரவில்லை என்று புகார் கொடுக்க அந்த நோட்டுதான் சாட்சி. மூன்றாம் மாத முடிவில் போட்ட கணக்கையும் நடந்த கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. தொடர்ந்து துண்டு விழுந்தால் கௌரவம் பார்க்காமல் வேறு முடிவெடுங்க.

கொஞ்சம் கன்னடமும் கற்றுக்கொள்ளலாம். "எஷ்டு" என்றால் எவ்வளவு, "நீரு" என்றால் தண்ணீர், "பாடிகே" என்றால் வாடகை. ஆபத்தில் உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இவை எந்த மாநிலத்திலும் வேலை செய்யும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் வெளிமாநிலம் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கடன் பாக்கி, சேமிப்பு விவரம் தீர்மானத்தில் இருக்கிறதா?
2. போய்வந்த சகோதரி ஒருவரிடம் கேட்டு, மேலே உள்ள ஒருமுறைச் செலவுப் பட்டியலில் நிஜத் தொகையை நிரப்புங்கள். எங்கே கூடுகிறது?
3. மாதம் 20 நாள் வேலை, 16 நாள் வேலை என்று இரண்டு விதமாக மாத வரவு செலவு போட்டுப் பாருங்கள். 16 நாள் என்றால் எந்தச் செலவைக் குறைக்க முடியும்?
4. ஊரில் தனியாக இருக்கும் மாமியார், மாமனார், பிள்ளைகளைக் குழு எப்படிப் பார்த்துக்கொள்ளலாம்?

சகோதரிகளே, இந்தக் கணக்கைப் பெண்கள் மட்டும் உட்கார்ந்து போட வேண்டாம். கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, படிக்கிற பிள்ளையைக் கூட்டச் சொல்லுங்கள். தொகையைக் கண்ணால் பார்த்தால் வீட்டில் சண்டையும் குறையும், முடிவும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கும். போட்ட கணக்கை அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.